ஆட்டின் கூலி

காலை எட்டரைக்குப் படகுத்துறையில் ஏற்றிக்கொள்வேன்.
கறுப்பு ஆட்டோ, உள்ளே சிவப்பு வெல்வெட்,
கண்ணேறு கழிய ஒரு நீலமணி.
‘கிராமத்தின் அன்றாடம்’ என்று
அட்டையில் அச்சடித்திருக்கிறது.
மூன்று மணி நேரம், தேநீர் உட்பட.

அன்றைக்கு ஹாலந்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும்.
அவருக்குக் கால் நீளம்,
மடித்து மடித்துத்தான் உள்ளே வைத்தார்.
அந்த அம்மா நோட்டும் பென்சிலுமாக.

இது கரும்பு ரயில், என்றேன்.
பின்னால் ஓடிவந்து கழி உருவும் பையன்களை
அதட்டுவதுபோல் கையை ஆட்டினேன்.
என் முன்பல் போனதும் அப்படித்தான்.
அதைச் சொல்ல என் ஆங்கிலம் போதவில்லை.

இது தக்காளி.
அரிந்து உப்பிட்டுத் தரையில் பரப்பியது,
மலையடிவாரம் வரைக்கும் சிவப்பு.
கப்பலேறி இத்தாலிக்குப் போகிறது, என்றேன்.
நீங்கள் தின்பீர்களா, என்று கேட்டாள்.
யோசித்துப் பார்த்தேன்.
இங்கே யாரும் தின்று நான் பார்த்ததில்லை.

இது மெக்கா போய்வந்தவர் வீடு,
சுவரெல்லாம் விமானம்.
வரைந்தவன் விமானம் ஏறியதில்லை.
சன்னல்களுக்குப் பூப்போட்ட திரை மாட்டியிருக்கிறான்.

இது இஃதிதால் வீடு, மூன்றாவது நிறுத்தம்.
மண்தட்டுகளில் மாவு உப்பி
வெயில் காய்ந்துகொண்டிருக்கும்.
ஒன்றை மட்டும் நமக்காக அடுப்பில் தள்ளுவாள்.
தலைக்கு இருபது பவுண்டு.
வாரத்தில் நான்கு நாள் அன்றாடம்.
மிச்ச நாள் அவள் பிள்ளைகளுக்குக் கடை ரொட்டி.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வண்டி போகாது,
சந்து குறுகல் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.
குறுகல் ஒன்றுமில்லை.
என் அண்ணன் ஷஹாத்தா இருக்கும் தெரு அது.
வியாழன் இரவுத் தண்ணீர் யாருடையது என்று
நாலு வருஷமாகப் பேச்சில்லை.

அன்று பாலத்து நடுவில் பஹீகா அண்ணி நின்றாள்.
கையில் ஆடு.
ஈரத் தீவனத்தை மேய்ந்து
வயிறு தவுல் மாதிரி வீங்கி,
கண் மேலே செருகிக் கிடந்தது.
என் பெயரைச் சொல்லவில்லை.
முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.
வண்டி காலியா, என்றாள்.

பின்சீட்டில் இரண்டு பேர்
வாயில் ரொட்டியோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

காலி, என்றேன்.

ஆட்டின் தலை ஹாலந்துக்காரர் மடியில்.
கால்கள் நோட்டுப் புத்தகத்தின்மேல்.
அண்ணி என் பக்கத்தில் ஒற்றைத் தொடையில் தொற்றி
ஒவ்வொரு பள்ளத்துக்கும் என்னைத் திட்டினாள்,
பள்ளத்தைத் திட்டுவதுபோல.

கால்நடை மருத்துவர் ஜைன்ஹும்
பல்விளக்கிக்கொண்டே வந்தார்.
குழாய் விட்டார், எண்ணெய் ஊற்றினார்,
விலாவில் முழங்கையால் தேய்த்தார்.
ஆடு ஒரு ஏப்பம் விட்டது பாருங்கள்,
மரத்துக் கொக்கெல்லாம் எழுந்து பறந்தது.

எல்லோரும் சிரித்தோம். அண்ணியும் சிரித்தாள்.
அப்புறம் எங்கள் இரண்டு பேருக்கும்
ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.
அவள் முக்காட்டைச் சரிசெய்தாள்.
நான் டயரை உதைத்துப் பார்த்தேன்.

ஊர் திரும்பி அந்த அம்மா
யார் யாரிடம் என்ன சொன்னாளோ.
அடுத்த மாதம் வந்தவர்கள்
ரயிலைப் பார்க்கவில்லை,
விமானச் சுவரைப் பார்க்கவில்லை.
ஆடு எங்கே, என்றார்கள்.

இப்போது பாலம் நான்காவது நிறுத்தம்.
பாலத்துக் கம்பியில் ஆட்டைக் கட்டிவைக்கிறாள்,
கழுத்தில் என் வண்டியினுடையதைவிடப் பெரிய நீலமணி.
கூலி முப்பது, என்கிறாள்.
ரொட்டிக்கே இருபதுதான், என்கிறேன்.
ரொட்டி ஏப்பம் விடுமா, என்கிறாள்.

இதுதான் எங்கள் பேச்சு, தினமும் கால்மணி நேரம்.
அவள் முதுகுக்குப் பின்னால்
பாதி திறந்த கதவுக்குள்ளிருந்து
ஒருவர் இருமுகிறார்.
முப்பது என்பதுபோலத்தான் எனக்குக் கேட்கிறது.

வியாழன் இரவைப் பற்றி
இன்னும் யாரும் வாயெடுக்கவில்லை.